பேஸ் கிட்டார் நெக்: சரி செய்வதா, மாற்றுவதா?

நன்றாக இருந்த ஒரு பேஸ் நெக்கை, அதாவது தந்திகளை அழுத்தி வாசிக்கும் நீண்ட கழுத்தை, "செத்துப்போச்சு" என்று ஒதுக்கிவிட்டு, புதிது வாங்கி மாட்டியவன் நான். தந்திகள் நடு ஃப்ரெட்களில் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) அழுத்தவே முடியாத உயரத்தில் நின்றன. வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடின் நட்டை முடுக்கினேன். ஒரு கட்டத்துக்கு மேல் அது அசையவில்லை. ராட் முடிந்தது, நெக்கும் முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆறேழு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது, பழைய நெக்கை ஒரு லூத்தியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) சும்மா காட்டினேன். அவர் நட்டைக் கழற்றி, அதற்கு அடியில் இரண்டு சின்ன வாஷர்களைப் போட்டு மறுபடி முடுக்கினார். பத்து நிமிட வேலை. நெக் நேராக வந்துவிட்டது. நட்டுக்கு மரை தீர்ந்துபோயிருந்ததே தவிர, மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அந்தச் செலவு கற்றுக்கொடுத்த வரிசைதான் இந்த வழிகாட்டி. "நெக் போச்சு" என்று சொல்வதற்கு முன், போனது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்: மரமா, ராடா, பசை ஒட்டா, ஃப்ரெட்களா, அல்லது நெக் உடலோடு சேரும் இடமா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

முதல் படி: கை வைக்கும் முன்

பதறாத காரியம் சிதறாது. பேஸ் கீழே விழுந்து எங்காவது விரிசல் தெரிந்தால், முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள். 34 அங்குல ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்) கொண்ட நான்கு தந்தி பேஸில், வழக்கமான ட்யூனிங்கில், தந்திகள் எல்லாம் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு ஆள் தொங்குகிற மாதிரி. அந்த இழுவையில் விரிசல் நீண்டுகொண்டே போகலாம்.

உடைந்த இடத்தை விரித்து மூடி "எவ்வளவு ஆழம்" என்று சோதிக்காதீர்கள். ஒவ்வொரு அசைவிலும் மரநார்கள் நசுங்கி, பிறகு கச்சிதமாகப் பொருந்தாமல் போகும். சிதறிய சிம்புகளை எல்லாம் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள், தீக்குச்சித் தலை அளவு இருந்தாலும் சரி. சூப்பர் குளூ பாட்டிலை அந்த அறையிலேயே வைக்காதீர்கள். பழுதுக்கு வரும் நெக்குகளில் லூத்தியர்களின் வாயில் அதிகத் திட்டு வாங்குவது உடைப்பு இல்லை, வீட்டில் போட்ட அவசர ஒட்டுதான். துளைகளில் ஏறி இறுகிய அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தால் கூடவே மரமும் போகும்.

விரிசல் எதுவும் இல்லை, வளைவுதான் பிரச்சினை என்றால் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். தந்திகளைத் தளர்த்தாதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் தந்தி, வழக்கமான ட்யூனிங், முழு இழுவை: இந்த நிலையில் அளந்தால்தான் அளவுக்கு அர்த்தம் உண்டு. பேஸ் சமீபத்தில் காரின் டிக்கியிலோ ஈரமான அறையிலோ இருந்திருந்தால், காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும் ஓர் இடத்தில் ஒரு வாரம் வைத்துவிட்டு அளங்கள். மரம் தானாகவே பாதி வழி திரும்பி வந்துவிடுவது உண்டு.

இரண்டாம் படி: நெக் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது?

பேஸைத் திருப்பிப் பாருங்கள். உடலும் நெக்கும் சேருமிடத்தில் நான்கு திருகாணிகள் தெரிந்தால் (சிலவற்றில் மூன்று, ஐந்து, ஆறு) அது போல்ட் ஆன். 1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோதே இப்படித்தான் வந்தது. பழுதானால் நெக்கைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம் என்பது அந்த வடிவமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே "மாற்றுவதா" என்ற கேள்வி உண்மையில் போல்ட் ஆன் வைத்திருப்பவர்களுக்கானது.

திருகாணி இல்லாமல் நெக் உடலுக்குள் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் அது செட் நெக். கிப்ஸனின் ஈபி வகை பேஸ்கள் இப்படிப்பட்டவை. மாற்ற வேண்டுமென்றால் நீராவியால் பசையை இளக்கிப் பிரித்து, அதற்கென்றே ஒரு புது நெக்கைச் செய்து, கோணம் பிசகாமல் மறுபடி ஒட்ட வேண்டும். மூன்றாவது வகை நெக் த்ரூ. 1957இல் வந்த ரிக்கன்பேக்கர் 4000, 1963இல் வந்த கிப்ஸன் தண்டர்பேர்ட் ஆகியவற்றில் நெக்கின் மரம் அப்படியே உடலின் நடுவே பின் முனைவரை ஓடுகிறது. இதில் நெக்கை மாற்றுவது என்றால் ஏறத்தாழ பேஸையே மாற்றுவதுதான். இந்த இரண்டு வகைகளில், சரி செய்ய வழியே இல்லை என்று இரண்டு பேராவது சொல்லும் வரை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: அளந்து பார்ப்பது

தேவையானவை: ஒரு கேப்போ (தந்திகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), வளையாத நீளமான ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, நல்ல வெளிச்சம். ராடைச் சோதிக்க, அதற்குச் சரியாகப் பொருந்தும் ஆலன் கீ. "கிட்டத்தட்ட" பொருந்தும் கீ வேண்டாம். அங்குல அளவுக்கு மில்லிமீட்டர் கீயைப் போட்டு நட்டின் உள்மூலைகளை மழுங்கடிப்பது ஒரு தனி ரகப் பழுது.

முதலில் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். தடித்த ஈ தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்தத் தந்தியே ஒரு நேர்கோடு. எட்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். ஃபெண்டர் தன் பேஸ்களுக்குச் சொல்லும் அளவு, ஃப்ரெட்போர்டின் (ஃப்ரெட்கள் பதித்த மேல்பலகை) குறுக்கு வளைவின் ரேடியஸைப் பொறுத்து, 0.25 முதல் 0.35 மி.மீ. வரை. அதைவிட அதிகமானால் முன்வளைவு கூடிவிட்டது. இடைவெளியே இல்லாமல் தந்தி ஃப்ரெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், நெக் நேராக இருக்கலாம் அல்லது பின்னால் வளைந்திருக்கலாம். தந்தியை விட்டுவிட்டு ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்களின் மேல் வைத்தால் எது என்று தெரிந்துவிடும். பின்வளைவு இருந்தால் ஸ்கேல் நடுவில் ஊன்றிக்கொண்டு சீசா போல ஆடும்.

அடுத்தது முறுக்கு. கண்ணால் பார்த்து "முறுக்கிக்கிச்சு" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு நேரான குச்சிகள் வேண்டும். ஒன்றை முதல் ஃப்ரெட்டின் மேல் குறுக்காக வையுங்கள், இன்னொன்றைக் கடைசி ஃப்ரெட்டின் மேல். ஒரு முனையிலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் இரண்டு குச்சிகளின் மேல்விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் முறுக்கு உண்டு. குச்சி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்தச் சாய்வு பெரிதாகத் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழ நீளக் குச்சியில் பயங்கரமாகத் தெரிவது, நெக்கின் அகலத்தில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது, ராட். தந்திகளைத் தளர்த்திவிட்டு நட்டை முதலில் இடப்பக்கம், அதாவது தளரும் பக்கம், கால் சுற்று திருப்புங்கள். சுலபமாகத் தளர்ந்து, பிறகு வலப்பக்கம் திருப்பும்போது சீரான எதிர்ப்பு வந்தால் ராட் உயிரோடு இருக்கிறது. கால் சுற்று முடுக்கி, தந்திகளை ட்யூன் செய்து, மறுபடி அளங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று வேண்டாம். எவ்வளவு திருகினாலும் எதிர்ப்பே வராமல் நட்டு சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போயிருக்கிறது, அல்லது ராட் உள்ளே அறுந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் கல் மாதிரி நின்றுவிட்டால் என் கதைதான்: மரை தீர்ந்திருக்கலாம். அங்கே பலத்தைக் காட்டுகிறவர்கள், ஒரு வாஷரில் முடிந்திருக்கும் வேலையை அறுந்த ராடாக மாற்றிவிடுகிறார்கள்.

நான்காவது, விரிசலா, வார்னிஷ் வெடிப்பா என்பது. கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பூச்சு மட்டும் வெடித்திருந்தால் கோடு மர ரேகையைப் பொருட்படுத்தாமல் போகும், ஆழம் இருக்காது. மரம் பிளந்திருந்தால் கோடு ரேகையோடு ஓடும், நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை மிக மெல்ல அழுத்தும்போது அதன் விளிம்புகள் விலகிச் சேரும். இந்த அழுத்தம் ஒரே ஒருமுறை, விரல் நுனியால் மட்டும்.

கடைசியாக, நெக்கின் அடிப்பகுதி. திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சற்றே முடுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சுற்றினால் துளைகள் தளர்ந்திருக்கின்றன. அளந்த வளைவு சரியாக இருந்தும், பிரிட்ஜ் சேடில்களை (உடலில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டுகள்) முழுக்க இறக்கியும் தந்தி உயரமாகவே நின்றால், குற்றம் நெக்கின் வளைவில் இல்லை, அது உடலில் அமர்ந்திருக்கும் கோணத்தில். நெக் உட்காரும் பள்ளமான பாக்கெட்டில் ஒரு மெல்லிய ஷிம் (ஆப்புத் தகடு) வைத்தால் தீரும் விஷயம். இதற்காக ராடை முடுக்கிக்கொண்டே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: பழுதுக்கேற்ற முடிவு

மாற்றும் பேச்சே வேண்டாம் என்ற வகையை முதலில் தள்ளிவிடலாம். உடைந்த நட் (ராடின் நட்டு இல்லை; நெக்கின் தலைமுனையில் தந்திகள் உட்காரும் சிறு பட்டை), ஆடும் டியூனர் (தந்தியை முறுக்கும் சாவி), தேய்ந்த ஃப்ரெட், பிடிக்காத திருகாணித் துளை, ஓரத்தில் மட்டும் பசை விட்ட ஃப்ரெட்போர்டு: இவை எல்லாம் சாதாரணப் பராமரிப்பு. தளர்ந்த துளைகளில் கடின மரக் குச்சியைப் பசையோடு அடைத்து, காய்ந்தபின் மறுபடி துளையிட்டால் புதிது மாதிரிப் பிடிக்கும். ஃப்ரெட் குழிந்திருந்தால் மட்டம் தட்டி உருட்டலாம். உயரம் மிச்சமில்லை என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாக அடிக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: விலை மலிந்த போல்ட் ஆன் பேஸில் முழு ஃப்ரெட் மாற்றத்துக்கான கூலி, ஒரு நல்ல ரெடிமேட் நெக்கின் விலையைத் தாண்டிவிடுவது உண்டு. அங்கே புது நெக்தான் புத்திசாலித்தனம். ஃப்ரெட்களைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, ஃப்ரெட்லெஸ் ஆக்கிவிடுவதும் ஒரு வழி. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸின் புகழ்பெற்ற 1962 ஜாஸ் பேஸ் அப்படி ஃப்ரெட் இல்லாமல் ஆக்கப்பட்டதுதான். ஆனால் ஃப்ரெட் தேய்ந்துவிட்டது என்பதற்காக ஃப்ரெட்லெஸ்ஸுக்கு மாறினால், சுருதிக்கு அப்புறம் காதுதான் பொறுப்பு.

ஜி தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டை ஒட்டி ஓர் இடத்தில் ஒலி சட்டென்று செத்துப்போகிறது என்று நெக்கைச் சந்தேகிக்கிறவர்களும் உண்டு. போல்ட் ஆன் பேஸ்களில் அது பழுதே இல்லை. நெக்கின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன கிளாம்பை மாட்டி எடையைக் கூட்டினால், அந்த இடம் நகர்ந்துபோவதைக் கேட்கலாம்.

ட்ரஸ் ராட் பழுது. கிப்ஸனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ, திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராடுக்கு 1923இல் காப்புரிமை பெற்றார். அதன் உள்ளர்த்தம் இன்றைக்கும் மாறவில்லை. மரத்துக்குள் ஓர் உலோகக் கம்பி. கம்பி கெட்டால் கம்பிதான் கெட்டது. மரை தீர்ந்ததா? வாஷர். நட்டின் உள்மூலை மழுங்கியதா? அதற்கென்று இருக்கும் ஆப்பு வடிவ கீ பிடித்துக்கொள்ளும், நட்டைக் கழற்றி மாற்றலாம். நட்டோடு சேர்ந்து ராடின் நுனி ஒடிந்து வந்துவிட்டதா? சுற்றியுள்ள மரத்தைக் கொஞ்சம் குடைந்து, மிச்ச ராடில் புது மரை வெட்டும் கருவிகள் உண்டு. அனுபவமுள்ள லூத்தியருக்கு இது அரைநாள் வேலை. நெக்கின் நடுவில் ராட் அறுந்திருந்தால்தான் பெரிய வேலை. ஃப்ரெட்போர்டைச் சூடாக்கிப் பிரித்தோ, பின்புறப் பட்டையைக் கடைந்து எடுத்தோ புது ராட் வைக்க வேண்டும். சாதாரண போல்ட் ஆன் பேஸ் என்றால் இந்த இடத்தில் நான் மாற்றிவிடுவேன். செட் நெக், நெக் த்ரூ, பழைய மதிப்புள்ள கருவி என்றால் செய்துதான் ஆக வேண்டும். ராட் நெக்கின் பின்புறத்தைப் பிளந்துகொண்டு எட்டிப்பார்த்தால் அது ராட், மரம் இரண்டும் சேர்ந்த பழுது. போல்ட் ஆனில் அந்த நெக்கைக் காப்பாற்ற நான் மெனக்கெட மாட்டேன்.

ஹெட்ஸ்டாக் உடைப்பு. பார்க்க இதைவிடக் கொடூரமான பழுது கிடையாது. ஆனால் பெரும்பாலும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கதைதான். பின்னால் சாய்ந்த ஹெட்ஸ்டாக் உள்ள பேஸ்களில் இது அடிக்கடி நடக்கும். தண்டர்பேர்ட் உரிமையாளர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மகோகனி மரத்தை ஒரே துண்டாகச் செதுக்கி 17 டிகிரி வரை சாய்க்கும்போது, சாய்ந்த பகுதியில் மர ரேகை குறுக்காக வெட்டுப்படுகிறது. ராடின் நட்டுக்காக அதே இடத்தில் ஒரு குழியும் தோண்டுகிறார்கள். மேலே நான்கு கனத்த பேஸ் டியூனர்கள் வேறு. பேஸ் மல்லாக்க விழுந்தால் டியூனர்கள் முதலில் தரையைத் தொடும், நெக் அந்தக் குழியருகே ஒடியும். ஃபெண்டரின் ஹெட்ஸ்டாக் நெக்குக்கு இணையாக நேராகப் போவதால் அங்கே இந்த உடைப்பு அரிது.

முடிவைத் தீர்மானிப்பது உடைப்பின் நீளம். ரேகையோடு சரிந்து மூன்று நான்கு அங்குலம் ஓடிய உடைப்பு என்றால் சந்தோஷப்படுங்கள். ஒட்டும் பரப்பு அதிகம், இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், நல்ல மஞ்சள் மரப்பசையும் சரியான கிளாம்பும் போதும். இறுக்கமாகப் பொருந்திய இணைப்பில் அந்தப் பசை, சுற்றியுள்ள மரத்தைவிட வலுவாகப் பிடிக்கும். மறுபடி விழுந்தால் பெரும்பாலும் வேறு இடத்தில்தான் ஒடியும். குறுக்காக, மொட்டையாக, கேரட்டை ஒடித்த மாதிரி உடைந்திருந்தால் பசை மட்டும் தாங்காது. நெடுக்காகப் பள்ளம் வெட்டி மரத் துண்டுகளைப் பதிக்க வேண்டும், அல்லது பின்புறம் ஒரு மரத்தகட்டை ஒட்டி வலுவூட்ட வேண்டும். கூலி இரண்டு மூன்று மடங்காகும். மரம் துண்டு துண்டாகக் காணாமல் போயிருந்தாலும், ஏற்கெனவே ஒருமுறை ஒட்டி மறுபடி விட்டிருந்தாலும் இதே கதி.

லூத்தியரிடம் கொடுக்கும்போது மூன்று கேள்விகள் போதும்: என்ன பசை, வலுவூட்டல் தேவையா, தந்தி மாட்ட எத்தனை நாள் விடுவீர்கள்? மஞ்சள் மரப்பசைக்கு 24 மணி நேரம் குறைந்தபட்சம். பேஸின் இழுவையை மனதில் வைத்து நானாக இருந்தால் மூன்று நாள் விடுவேன். "சூப்பர் குளூ போட்டுச் சாயங்காலமே தந்துவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டுப் பேஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பூச்சைப் பழையபடி தெரியாமல் மறைப்பது தனி வேலை, சில சமயம் ஒட்டுவதைவிட அதிகக் கூலி. வாசிக்கிற கருவிக்கு அது தேவையில்லை. கோடு தெரிந்தால் தெரியட்டும்.

முறுக்கு. சத்தமில்லாமல் நெக்கைக் கொல்வது இதுதான். வளைவை ராட் எதிர்க்கும். முறுக்கை எதிர்க்க உள்ளே எதுவும் இல்லை. மரம் அறுக்கப்பட்ட விதத்திலோ, உலர்ந்த விதத்திலோ ஒளிந்திருந்த குணம் சில வருடம் கழித்து வெளியே வருகிறது. தந்தி ஒன்றில் ஃப்ரெட்டில் உரசி இரையும் சத்தம், இன்னொன்றில் மலை உயரம், எப்படித் திருகினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடும்.

லேசான முறுக்கோடு ஆயிரக்கணக்கான பேஸ்கள் நிம்மதியாக வாசிக்கப்படுகின்றன. ஈ தந்திக்கு ஜி தந்தியைவிடச் சற்றே அதிக முன்வளைவு பிடிக்கும் என்பதால், சரியான பக்கமாக முறுக்கியிருந்தால் அது உதவிகூடச் செய்யும். நெக்கின் அகலத்தில் அரை மில்லிமீட்டருக்குள் இருந்து, தந்திகள் சுத்தமாக ஒலித்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். அதற்கு மேல், ஒரு மில்லிமீட்டர் வரை, ஃப்ரெட்களைப் பிடுங்கி ஃப்ரெட்போர்டைச் சீவி மறுபடி ஃப்ரெட் அடிக்கலாம். ஆனால் ஃப்ரெட்போர்டின் கனமே ஐந்தாறு மில்லிமீட்டர்தான், எவ்வளவு சீவ முடியும் என்பதற்கு எல்லை உண்டு. சூடாக்கி எதிர்ப்பக்கம் முறுக்கிக் கிளாம்ப் போடும் முறையும் இருக்கிறது. சில நெக்குகள் அடங்கும், சில அடுத்த பருவத்தில் பழைய குணத்துக்கே திரும்பும். போல்ட் ஆன் நெக்கில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிய முறுக்கு, அதுவும் மாதத்துக்கு மாதம் வளர்வது என்றால், என் ஓட்டு மாற்றுவதற்கே.

மற்ற வளைவுகள். நெக் உடலோடு சேரும் கடைசி ஃப்ரெட்களில் மட்டும் மேலே எழும்பி நிற்பது பலருக்கும் இருக்கும். அங்கே ராடுக்கு வேலையில்லை. அந்த ஃப்ரெட்களை மட்டும் தேய்த்து இறக்கினால் போதும், மிக அதிகமானால் ஃப்ரெட்போர்டைச் சீவ வேண்டும். ராடை முழுக்கத் தளர்த்தியும் பின்வளைவு போகவில்லை என்றால், முதலில் கனமான தந்தி ஒரு செட் போட்டு இரண்டு வாரம் விடுங்கள். கூடுதல் இழுவையே வேலையை முடித்துவிடலாம். இருபக்கமும் இயங்கும் இரட்டைச் செயல் ராட் இருந்தால் எதிர்ப்பக்கம் திருகி முன்வளைவைக் கொண்டுவரலாம்.

பூச்சி அரித்து, துளைகளிலிருந்து மாவு கொட்டும் நெக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றக் கருவிகளுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்கள். நெக் மாற்றும் விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். விளம்பரத்தில் தெரிவது நெக்கின் விலை மட்டும். அதோடு டியூனர் பொருந்தவில்லை என்றால் புது டியூனர், நட் வெட்டுவது, ஃப்ரெட் மட்டம் தட்டுவது, திருகாணித் துளை, பூச்சு இல்லாமல் வந்தால் பூச்சு, புதுத் தந்தி, கடைசியில் முழு செட்டப் (தந்தி உயரம், வளைவு, சுருதி எல்லாவற்றையும் சீராக்குவது). இதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். பக்கத்தில் பழுதுக் கூலியை எழுதுங்கள். அதே பேஸ் பழையதாக நல்ல நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை மூன்றாவதாக எழுதுங்கள்.

மலிவான செலவு எதுவோ அது மூன்றாவது எண்ணில் பாதியைத் தாண்டினால், நான் இரண்டையும் செய்ய மாட்டேன். உடல், பிக்கப், பிரிட்ஜ் ஆகியவற்றை உதிரியாக வைத்துக்கொண்டு வேறு பேஸ் தேடுவேன். நீங்கள் அந்தப் பேஸை விற்கப் போவதே இல்லை, அதோடு வளர்ந்தீர்கள் என்றால் இந்த விதியை மதிக்க வேண்டியதில்லை. பாசத்துக்கு வரவு செலவுப் புத்தகம் கிடையாது.

பழைய, மதிப்புள்ள கருவியில் கணக்கு தலைகீழாகும். ஒட்டிய ஹெட்ஸ்டாக் விற்பனை விலையைக் கணிசமாகக் குறைக்கும், உண்மைதான். மூல நெக்கே இல்லாமல் போனால் இன்னும் அதிகம் குறையும். ஆகவே அதைப் பழுது பாருங்கள். வாசிக்க வேறு நெக் பூட்டினாலும் மூல நெக்கைத் தூக்கி எறியாதீர்கள்.

ஆறாம் படி: மாற்றுவது என்றால் எதை அளக்க வேண்டும்

வாங்கும் முன் காலிப்பர் எடுங்கள். "ஜாஸ் பேஸ் நெக், எல்லாத்துக்கும் பொருந்தும்" என்ற வார்த்தையை நம்பி வாங்கியவர்களின் பொருட்கள்தான் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

முதல் அளவு ஸ்கேல். தந்தி உட்காரும் நட்டின் விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 34 அங்குலம் என்றால் பாதி 431.8 மி.மீ. வரும். குட்டை ஸ்கேல் பேஸ்கள் 30 அங்குலத்தை ஒட்டி இருக்கும், ஐந்து தந்தி பேஸ்கள் சில 35 அங்குலம். புது நெக் உடலில் உட்கார்ந்தபின் 12ஆவது ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் சேடில் வரை அதே தூரம் வர வேண்டும், சேடில் இன்னும் சில மில்லிமீட்டர் பின்னால் நகரவும் இடம் இருக்க வேண்டும். இந்த ஒன்று தப்பினால் பேஸ் ஒருநாளும் சுருதி சேராது. ஃப்ரெட் எண்ணிக்கையைப் பார்த்து ஸ்கேலை ஊகிக்காதீர்கள். 20 ஃப்ரெட் நெக்கும், ஃப்ரெட்போர்டு முன்னால் நீண்ட 21 ஃப்ரெட் நெக்கும் ஒரே பாக்கெட்டில் உட்காரலாம். 24 ஃப்ரெட் நெக் பெரும்பாலும் உட்காராது.

இரண்டாவது, பாக்கெட்டில் உட்காரும் பகுதி. ஃபெண்டர் வகை பேஸ்களில் அகலம் 63.5 மி.மீ., கனம் 25.4 மி.மீ. என்பது வழக்கம். மற்றத் தயாரிப்புகளில் ஓரிரு மில்லிமீட்டர் மாறும், மூலைகளின் வளைவும் மாறும். சற்றே பெரிதாக இருந்தால் தேய்த்துப் பொருத்தலாம். சிறிதாக இருந்தால் நெக் பக்கவாட்டில் ஆடும். ஆகவே சந்தேகம் வந்தால் பெரியதை வாங்குங்கள்.

நட்டின் அகலம் கையின் சௌகரியம். ஜாஸ் பேஸ் 38.1 மி.மீ., பிரிசிஷன் பேஸ் 41.3 அல்லது 44.5. டியூனர் துளையின் விட்டம் பலரும் மறக்கும் அளவு. பழைய பாணிக்கு ஏறத்தாழ 17.5 மி.மீ., நவீன டியூனர்கள் பலவற்றுக்கு அதைவிடச் சிறிது. பெரிதாக்கலாம், சிறிதாக்குவது தொல்லை.

துளையில்லாமல் வரும் நெக்கில் அவசரப்பட்டுத் துளையிடாதீர்கள். நெக்கைப் பாக்கெட்டில் வைத்து கிளாம்ப் போடுங்கள். இரண்டு ஓரத் தந்திகளை மட்டும் லேசாக மாட்டி, அவை ஃப்ரெட்போர்டின் இரு விளிம்புகளிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். சரியானபின் உடலின் துளைகள் வழியாக நெக்கில் புள்ளி குத்துங்கள். ட்ரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றுங்கள், இல்லையென்றால் துளை ஃப்ரெட்போர்டு வழியாக வெளியே வந்து சிரிக்கும். மேப்பிள் மரம் மிகக் கடினம். திருகாணி மரையில் கொஞ்சம் மெழுகு தேய்க்காமல் முடுக்கினால் தலை முறிந்து, தண்டு மரத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

ஏழாம் படி: பிறகு

சரி செய்ததோ மாற்றியதோ, முதல் இரண்டு வாரம் நெக் புது இழுவைக்குப் பழகிக்கொண்டிருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை எட்டாவது ஃப்ரெட் இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். ராடைத் தொட வேண்டியிருந்தால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒட்டிய ஹெட்ஸ்டாக் என்றால் கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். முன்பு தட்டாத விளிம்பு இப்போது தட்டினால் உடனே தந்தியைத் தளர்த்திவிட்டு லூத்தியரிடம் திரும்புங்கள். இரண்டு வாரத்தில் எண்கள் அசையாமல் நின்றால் கடைசி செட்டப்பைச் செய்துகொள்ளலாம். கழற்றிய நெக்கின் ராடைத் தளர்த்தி, மேலே எதையும் ஏற்றாமல் தட்டையாக வையுங்கள். எந்தப் பேஸிலிருந்து வந்தது, என்ன பழுது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவையுங்கள்.

என் பேஸில் இப்போது இருப்பது அந்தப் பழைய, இரண்டு வாஷர் நெக்தான். அவசரத்தில் வாங்கிய புது நெக் அலமாரியில் படுத்திருக்கிறது. அதன் டியூனர் துளைகள் சிறியவை என்பதால் அதற்கென்று தனியாக வாங்கிய டியூனர்களும் அதிலேயே இருக்கின்றன, கழற்ற மனம் வரவில்லை. அதன்மேல் ஒட்டிய சீட்டில் "பழுது" என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.